மகரந்தமும் ஈரமும்: வசந்தகாலப் பெருந்துப்புரவுத் தொழிலுக்குப் புதிதாக வருவோருக்கு

மழை அதிகம் பெய்கிற, மரமும் புல்லும் மண்டிக் கிடக்கிற இடங்களில், குளிர்காலம் முடியும் தறுவாயில் வீட்டுக்குள் இரண்டு விதமான அழுக்கு சேர்ந்திருக்கும். மாதக்கணக்கில் மூடியே கிடந்த மூலைகளில் தேங்கிய ஈரமும் அதைப் பற்றிக்கொண்டு வளர்ந்த பூஞ்சையும் ஒரு வகை. வெயில் எட்டிப் பார்த்ததும் ஆசையாக ஜன்னலைத் திறக்கும்போது உள்ளே வந்து படியும் மகரந்தத் தூள் இன்னொரு வகை. இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டு வாளியும் துணியுமாக இறங்கிவிடுவதுதான் இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு. பூஞ்சை அடங்க வேண்டுமென்றால் காற்றோட்டம் வேண்டும். காற்றுக்காக ஜன்னலைத் திறந்தால் மகரந்தம் வந்து சேரும். மகரந்தம் வேண்டாமென்று இழுத்து மூடினால் உள்ளேயிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரில் படியும். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்கிற நிலைமைதான். இதைச் சமாளிக்க விலையுயர்ந்த திரவங்கள் தேவையில்லை; எந்த வேலையை எதற்கு முன்னால், எந்த நேரத்தில் செய்கிறோம் என்கிற வரிசை சரியாக இருந்தால் போதும். அந்த வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் எதிராளியை அறிந்துகொள்ளுங்கள்

மகரந்தத் துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் வரை அளவுள்ளவை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பூஞ்சையின் வித்துகள் அவற்றைவிடச் சிறியவை. பல வகைகள் 10 மைக்ரானுக்கும் கீழே இருக்கும். கனமான மகரந்தம் காற்று அசையாத அறையில் விரைவிலேயே கீழே படிந்துவிடும். லேசான பூஞ்சை வித்து நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். மகரந்தத்தின் புறச்சுவர் ஸ்போரோபொலனின் என்ற பொருளால் ஆனது. உயிரினங்கள் உண்டாக்கும் பொருட்களில் மிகவும் உறுதியானவற்றுள் ஒன்று அது. ஆகவே கார்பெட்டின் அடியில் போய்த் தங்கிய மகரந்தம் தானாக மக்கிப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாம் எடுக்கும் வரை அது அங்கேயே இருக்கும்.

ஜன்னல் விளிம்பில் மஞ்சள் பொடியாகத் தெரிவதைக் கண்டு வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள். கண்ணுக்குத் தெரிகிற அந்தப் பொடி பெரும்பாலும் பைன் போன்ற ஊசியிலை மரங்களுடையது. அது உருவில் பெரியது, ஒவ்வாமையைத் தூண்டுவது குறைவு. தும்மலையும் கண் அரிப்பையும் அதிகம் உண்டாக்கும் பிர்ச் மர மகரந்தமும் புல் மகரந்தமும் கண்ணுக்கு எளிதில் படாதவை. எனவே மஞ்சள் தெரியவில்லை என்பதற்காக ஓர் அறையைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

இத்தொழிலின் அடிப்படையான விதி இங்கேதான் பிறக்கிறது. மகரந்தத்தை உலர்ந்த நிலையில் எடுக்க வேண்டும்; பூஞ்சையை ஈரமாக்கிய பிறகே எடுக்க வேண்டும். மகரந்தத்தின் மீது நீர் பட்டால் அது துணியின் இழைகளிலும் சுவரின் துளைகளிலும் சேறு போல இறங்கிக் கறையாகிவிடும். அதிலும் புல் மகரந்தம் நீரை உறிஞ்சி உப்பி வெடித்து, உள்ளேயிருக்கும் நுண்துகள்களை வெளியே விட்டுவிடும். மூக்கோடு நின்றுவிடக்கூடிய துகள் அதன்பின் நுரையீரல் வரை போகும் அளவுக்குச் சிறிதாகிவிடுகிறது. 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இடிமழை அடித்தபோது ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளுக்கு ஓடியதற்கும் பத்துப் பேர் உயிரிழந்ததற்கும் இவ்வாறு வெடித்துச் சிதறிய புல் மகரந்தமே காரணமாகக் கருதப்படுகிறது. பூஞ்சையின் கதை இதற்கு நேர்மாறானது. உலர்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டினால் அதன் வித்துகள் வீடு முழுவதும் பறந்து, அடுத்து எங்கெல்லாம் ஈரம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் முளைக்கும்.

நாளும் நேரமும்

மிதவெப்ப நாடுகளில் ஹேசல், ஆல்டர் போன்ற மரங்கள் குளிர்காலத்தின் கடைசியிலேயே மகரந்தத்தை உதிர்க்கத் தொடங்கிவிடும். அடுத்து பிர்ச், அதற்கும் பிறகு புல். வசந்தத்தின் முதல் நாளிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் அவசரப்பட்டால், வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும்படி சொல்லிப் பாருங்கள். கூரை, கூரை விளிம்பில் மழைநீரை வாங்கிச் செல்லும் பீலி, பூஞ்சை ஆகிய ஈரம் சார்ந்த வேலைகளை மரங்கள் பூப்பதற்கு முன்பே முடித்துவிடலாம். கார்பெட், மெத்தை, திரைச்சீலை, ஜன்னல் வலை ஆகியவற்றை மர மகரந்தத்தின் உச்சம் தணிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில்தான் ஆக வேண்டும் என்று அவர் சொன்னால் செய்து கொடுங்கள். ஆனால் மூன்று வாரத்தில் ஜன்னல் விளிம்புகள் மறுபடி மஞ்சளாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் வரும் மனத்தாங்கலுக்கு அது இடம் கொடுக்காது.

ஒரு நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். காற்றோடு கூடிய, உலர்ந்த, வெயிலடிக்கும் நாளில் மகரந்தம் அதிகம் பறக்கும். நிதானமாகப் பெய்து ஓய்ந்த மழைக்குப் பிறகு காற்று கழுவிவிட்டது போலிருக்கும். ஜன்னலைத் திறக்க அதுவே தக்க நேரம். ஆனால் இடியுடன் கூடிய மழை தொடங்கும் வேளையில் திறந்து வைக்காதீர்கள். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். எதிரெதிரான இரண்டு ஜன்னல்களை ஐந்து முதல் பத்து நிமிடம் முழுவதுமாகத் திறந்து, காற்று குறுக்கே ஓடியதும் மூடிவிடுவது, ஒரே ஜன்னலை நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

கையில் வாளி இல்லாமல் ஒரு சுற்று

வேலைக்கு முந்தைய நாளோ அன்று காலையிலோ வீட்டுக்காரரையும் கூட அழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கையில் ஒரு டார்ச், ஓர் ஈரப்பதமானி, ஒரு குறிப்பேடு மட்டும் போதும். வீட்டில் யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு ஒவ்வாமை, நாய் பூனை உண்டா, எந்த அறையில் குழந்தை தூங்குகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முன்பே இருக்கும் கீறல், கறை, உடைந்த தாழ்ப்பாள் ஆகியவற்றை அவர் முன்னிலையிலேயே படமெடுத்து வைத்துக்கொள்வது உங்களுக்குப் பாதுகாப்பு.

வீட்டுக்குள் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 30 முதல் 50 வரை இருந்தால் நல்லது. தூசிப் பூச்சிகளுக்கும் ஈரக் காற்றுதான் பிடிக்கும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில், சுமார் 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் பின்புறம்தான் அந்தப் பரப்பு. கூடத்தில் நின்று அளந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதாதீர்கள். அலமாரியை ஒரு சாண் நகர்த்தி, ஈரப்பதமானியை அதன் பின்னால் பதினைந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள். கண் காண்பதற்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

பூஞ்சை பிடித்த இடம் ஒரு சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ, கழிவுநீர் புகுந்து உண்டானதாக இருந்தாலோ, அது சாதாரணத் துப்புரவு வேலையல்ல. அதற்கென்று பயிற்சி பெற்றவர்களை அழைக்கச் சொல்லுங்கள். மிகப் பழைய வீட்டில் உரிந்து தொங்கும் பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். சுரண்டவோ உலர்வாகத் தேய்க்கவோ கூடாது. கிடைத்த வேலையை விடுவதற்கு மனம் வராதுதான். ஆனாலும் விட வேண்டிய வேலையை விடத் தெரிந்தவர்தான் இத்தொழிலில் நிலைப்பார்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

ஹெப்பா வடிகட்டி பொருத்திய வாக்குவம் கிளீனர் ஒன்று இல்லாமல் இந்த வேலைக்குப் போகாதீர்கள். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் வடிகட்டியே அந்தப் பெயருக்கு உரியது. வடிகட்டி நன்றாக இருந்து, இயந்திரத்தின் மூடியும் குழாயும் கசிந்தால் பயனில்லை; முன்பக்கம் உறிஞ்சியதைப் பின்பக்கம் ஊதிக்கொண்டிருக்கும். ஓடும்போது காற்று வெளியேறும் இடத்துக்கு எதிரே ஒரு கறுப்புத் துணியைச் சில நிமிடம் பிடித்துப் பார்த்தால் பெருங்கசிவு இருப்பது தெரிந்துவிடும். அடுத்து, மைக்ரோஃபைபர் துணிகள் நாற்பது, ஐம்பது. இவற்றைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்காதீர்கள்; அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து, தூளைப் பற்றும் திறனைக் கெடுத்துவிடும். கழிவறைக்கு ஒரு நிறம், சமையலறைக்கு ஒரு நிறம், மற்ற அறைகளுக்கு ஒரு நிறம் என்று துணியைப் பிரித்து வைப்பது வழக்கம். என்95 முகக்கவசம், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, மென்தூரிகைகள், ரப்பர் வைப்பர், மணமில்லாத சோப்புத் திரவம், இரண்டு வாளி, ஓர் உறுதியான ஏணி. இவ்வளவுதான்.

வெளியிலிருந்து தொடங்குங்கள்

உள்ளே எவ்வளவு துடைத்தாலும், வெளியிலிருந்து நீர் வந்துகொண்டிருந்தால் அது கண்துடைப்பு வேலைதான். என் தொடக்க காலத்தில் ஒரு படுக்கையறைச் சுவரின் மேல்மூலையில் கரும்புள்ளிகளாகப் படர்ந்திருந்த பூஞ்சையை அரை நாள் செலவழித்துச் சுத்தமாக எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி, எனக்கும் பெருமை. ஒரு மாதத்துக்குள் அதே மூலையில் அதே வடிவத்தில் அது திரும்பி வந்துவிட்டது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பீலியில் மகரந்தச் சரங்களும் இலைகளும் அழுகிப் பாய் போல அடைத்திருக்க, வழிந்த நீர் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. அன்றிலிருந்து நான் பீலியைப் பார்க்காமல் உள்ளே கால் வைப்பதில்லை.

பீலியில் இருப்பதைக் கையுறை அணிந்த கையாலோ சிறு கரண்டியாலோ அள்ளி வாளியில் போடுங்கள். நீரைப் பீய்ச்சி அடித்தால் அத்தனையும் இறக்குக் குழாய்க்குள் போய் இறுகிவிடும். அள்ளி முடித்த பிறகு குழாயில் நீர் விட்டு, கீழே எந்த வேகத்தில் வருகிறது என்று பாருங்கள். வரும் நீர் சுவரின் அடியிலேயே தேங்காமல், வீட்டைவிட்டு ஒன்றரை இரண்டு மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். ஏணியின் அடிப்பாகத்தை, ஒவ்வொரு நான்கு மீட்டர் உயரத்துக்கும் ஒரு மீட்டர் என்ற கணக்கில் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். எட்டாத இடத்தை எட்டிப் பிடிக்க முயலாதீர்கள். இறங்கி ஏணியை நகர்த்துவதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். மழையில் நனைந்த கூரை மேல் ஏறவே வேண்டாம்.

கூரையில் பாசி இருந்தால் அதிக அழுத்தத்தில் நீர் அடிக்கும் இயந்திரத்தைக் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். அது பாசியோடு சேர்த்துக் கூரைப் பலகையின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் துகள்களையும் பெயர்த்துவிடும். கீழிருந்து மேல்நோக்கி அடித்தால் ஓடுகளுக்கு அடியில் நீர் புகும். வெளிச்சுவருக்கும் அப்படித்தான். மென்தூரிகையும் சோப்பு நீரும் குறைந்த அழுத்தமும் போதும். அடிக்கும் முன் எல்லா ஜன்னல்களையும் மூடி, வெளிப்புறக் காற்றுத் துளைகளில் நீர் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலில்தான் வீடு நிற்கிறது

மகரந்தமும் ஈரமும் சந்திக்கும் இடம் ஜன்னல். புதியவர்கள் கண்ணாடியில் தொடங்குவார்கள். அது கடைசியில் வர வேண்டியது. முதலில் வலை, அடுத்து சட்டத்தின் கீழ்த்தடம், பிறகுதான் கண்ணாடி.

வலையை மாட்டிய இடத்திலேயே வைத்து நீர் அடிக்காதீர்கள். நான் ஒருமுறை அவ்வாறு அடித்து, வலையில் இருந்த தூள் முழுவதும் மஞ்சள் சேறாகி உள்பக்கச் சுவரில் கோடு கோடாக இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்த பிறகே விஷயம் முடிந்தது. வலையில் தூரிகை முனை வைத்த வாக்குவத்தை உள்பக்கமிருந்து மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். பிறகு வலையைக் கழற்றி, எந்த ஜன்னலுக்கு எது என்று பின்புறம் பென்சிலால் எண் போட்டு, வெளியே கொண்டுபோய்ப் புல்தரையில் சாய்த்து வைத்துச் சோப்பு நீரில் மெதுவாகத் தேய்த்து அலசுங்கள். நன்கு காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

இனிக் கீழ்த்தடம். நகரும் ஜன்னலின் அடித்தடத்தைக் குனிந்து பார்த்தால், இறந்த பூச்சிகள், மணல், மகரந்தம் எல்லாம் மழைநீரில் குழைந்து காய்ந்து களிமண் போல இறுகியிருக்கும். பழுப்பு நிறத்தில், நகத்தால் கீறினால் பெயரும் பதத்தில் இருக்கும். அதன் அடியில், சட்டத்தின் வெளிப்பக்கமாகச் சிறிய பிளவு போன்ற துளைகள் இருக்கும். அவை வடிதுளைகள். தடத்தில் சேரும் மழைநீர் வெளியே போவதற்காகவே அவற்றை வைத்திருக்கிறார்கள். பல வீடுகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஓட்டை என்று நினைத்து சிலிக்கான் வைத்து அடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். துளை அடைபட்டால் தடம் நிரம்பி, நீர் உள்பக்கமாக வழிந்து, ஜன்னலுக்குக் கீழேயுள்ள சுவர் ஊறும். அப்புறம் பூஞ்சை.

காய்ந்த மண்ணை முதலில் பழைய பல்துலக்கியால் உலர்வாகவே கிளறி, இடுக்கு முனை பொருத்திய வாக்குவத்தால் உறிஞ்சுங்கள். மூலையில் ஒட்டியிருப்பதை ஐஸ்கிரீம் குச்சியின் முனையில் துணி சுற்றி எடுங்கள். இரும்புக் கத்தி வேண்டாம். ரப்பர் பட்டை கிழிந்துவிடும். வடிதுளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு முன்னும் பின்னும் இழுங்கள். பிறகு ஒரு கோப்பை நீரைத் தடத்தில் மெதுவாக ஊற்றி, வெளிப்பக்கம் வந்து பாருங்கள். சில விநாடிகளில் துளையிலிருந்து நீர் சொட்ட வேண்டும். முதலில் கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் மறுபடியும் கம்பி. இந்தச் சோதனையை வீட்டுக்காரருக்குக் காட்டிக் கொடுத்தால், அடுத்த மழைக்கு முன் அவரே செய்துகொள்வார். அதனால் உங்கள் வரும்படி குறைந்துவிடாது. மீண்டும் உங்களைத்தான் அழைப்பார்.

கண்ணாடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேகமூட்டமான நாளில் துடைத்தால் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடாது, கோடும் விழாது. வைப்பரின் ரப்பரை ஒவ்வோர் இழுப்புக்கும் பின் துணியில் துடைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே: முதலில் உலர்ந்த வேலை முழுவதும்

ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது. மேலிருந்து கீழ், உள் அறையிலிருந்து வாசல் நோக்கி என்ற வரிசையில் செல்லுங்கள். ஒட்டடை, மின்விசிறி இறக்கை, அலமாரியின் மேல்தட்டு, கதவின் மேல்விளிம்பு, திரைச்சீலைக் கம்பி, விளக்குக் கூண்டு, சுவிட்ச் பலகை, கால்பட்டி என்று இறங்குங்கள். இறகுத் துடைப்பத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அது தூளை எடுப்பதில்லை, இடம் மாற்றுகிறது. மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கம் திருப்பி, ஒரே திசையில் இழுத்து எடுங்கள். எட்டுப் பக்கமும் தீர்ந்தால் துணியை மாற்றுங்கள், வீட்டுக்குள் உதறாதீர்கள்.

மேல்வேலை முடிந்ததும் உடனே தரையைத் தொடாமல் அரை மணி நேரம் வெளியே வந்துவிடுவது என் வழக்கம். காற்றில் எழும்பியது படியட்டும். அந்த நேரத்தில்தான் நான் தேநீர் குடிப்பேன். வீட்டுக்காரர் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது என்பதால் காரணத்தை முன்பே சொல்லிவிடுவேன். பிறகு வாக்குவம். கார்பெட்டின் மேல் அதை வேகமாகத் தள்ளினால் மேலிருக்கும் முடி மட்டும்தான் வரும். ஒரு நீளத்துக்கு முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை, மெதுவாக, பிறகு குறுக்குவாட்டில் இன்னொருமுறை. வாசலுக்கு அருகிலுள்ள இரண்டு மூன்று மீட்டரில் செருப்போடு வந்த மகரந்தம் மிக அதிகம் இருக்கும் என்பதால் அங்கே இரட்டிப்பு நேரம் கொடுங்கள்.

உடையிலோ சோபாவிலோ மகரந்தக் கறை தெரிந்தால் தேய்க்கவும் நனைக்கவும் வேண்டாம். ஒட்டுநாடாவை மெதுவாக அழுத்தி எடுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். மிச்சத்தை வாக்குவத்தால் உறிஞ்சிய பிறகே நீர்.

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் அறைக்குள் உதறாமல் உள்பக்கமாகச் சுருட்டி எடுத்துச் சென்று, துணி தாங்குமானால் 60 டிகிரி நீரில் துவைக்கச் சொல்லுங்கள். அந்த வெப்பத்தில் தூசிப் பூச்சி சாகும். வெற்று மெத்தையைத் தையல் ஓரங்களோடு சேர்த்து வாக்குவம் செய்யுங்கள்.

பிறகு ஈரமான வேலை

தூள் எல்லாம் போன பிறகுதான் வாளியில் நீர் நிரப்ப வேண்டும். இங்கே முதலில் பூஞ்சை. அந்த அறையின் கதவை மூடி, முகக்கவசம் அணிந்து, பூஞ்சை மேல் சோப்பு நீரை மெதுவாகத் தெளித்து அதை நனைத்துவிடுங்கள். சில நிமிடம் ஊறியதும் வட்டமாகத் தேய்க்காமல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்து, அந்தத் துணியை உடனே பையில் போட்டுக் கட்டுங்கள். ஓடு, கண்ணாடி, உலோகம் ஆகியவற்றில் இது எளிது. ஜிப்சம் பலகை, மரத்தின் வெட்டுமுனை, கார்பெட்டின் அடிப்பஞ்சு போன்ற துளையுள்ள பொருட்களில் பூஞ்சை உள்ளே வேர் விட்டிருக்கும். வெட்டியெடுத்து மாற்றுவதுதான் வழி. பிளீச்சிங் திரவம் ஊற்றினால் மேலே நிறம் வெளுக்கும், அதன் நீர் மட்டும் உள்ளே இறங்கிப் பூஞ்சைக்குப் பயன்படும்.

பிளீச்சிங்கைப் பற்றி இன்னொன்று. அதை அமோனியா உள்ள திரவத்தோடு கலந்தால் குளோரமைன் வாயுவும், வினிகர் போன்ற அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயுவும் உண்டாகும். இரண்டும் மூச்சை அடைக்கும் நச்சுகள். ஒரே வாளியில் தெரிந்தே கலப்பதை யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் வீட்டுக்காரர் முந்தைய நாள் இரவு கழிவறையில் ஊற்றி வைத்த அமிலத்தின் மேல் நீங்கள் காலையில் பிளீச்சிங் ஊற்றிவிடக் கூடும். ஊற்றுவதற்கு முன் கேளுங்கள்.

குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனின் மூடியைக் கழற்றித் தூசியை எடுத்த பிறகு, ஓடும் ஃபேனுக்கு அருகே ஒரு மெல்லிய காகிதத்தைக் கொண்டுபோங்கள். காகிதம் ஒட்டிக்கொண்டு நின்றால் ஃபேன் இழுக்கிறது. விழுந்துவிட்டால் குழாயில் அடைப்போ மோட்டாரில் கோளாறோ இருக்கிறது. குளித்த பிறகும் இருபது நிமிடமாவது அது ஓட வேண்டும்.

தரைக்கு நீரை மிகக் குறைவாகப் பயன்படுத்துங்கள். மாப்பை முறுக்கிப் பிழிந்த பிறகு கையால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. மரத்தரையில் நீர் கண்ணெதிரே ஒரு நிமிடத்தில் உலர்ந்தால் அளவு சரி. கார்பெட்டை வெந்நீர் அடித்து உறிஞ்சும் இயந்திரத்தால் கழுவுவதாக இருந்தால், மழைக்கால வீட்டில் அது காய்வதுதான் பெரிய கவலை. நனைந்த எந்தப் பொருளும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முழுவதும் காய்ந்துவிட வேண்டும். தாண்டினால் பூஞ்சை தொடங்கிவிடும். ஆகையால் நீர் அடிக்கும் இழுப்பு ஒன்று என்றால், வெறுமனே உறிஞ்சும் இழுப்பு இரண்டு மூன்று இருக்கட்டும். அதன்பின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையரும் மின்விசிறியும் ஓட, ஜன்னலை மூடி உலர்த்துங்கள். ஈரக் கார்பெட்டின் மேல் மகரந்தக் காற்றை விடுவதில் பொருளில்லை.

கிளம்புவதற்கு முன்

துவைத்த துணியை எங்கே உலர்த்துவது என்று கேட்பார்கள். வெளியே கொடியில் போட்டால் மகரந்தம் ஒட்டும். உள்ளே போட்டால் ஒரு முறை துவைத்த துணியிலிருந்து 2 லிட்டர் வரை நீர் காற்றில் கலக்கும். உலர்த்தும் இயந்திரம் இல்லாத வீட்டில், கதவு மூடிய ஒரே அறையில், டிஹியூமிடிஃபையரையோ எக்ஸாஸ்ட் ஃபேனையோ ஓடவிட்டு உலர்த்துவதே இருப்பதில் நல்லது. இயந்திரம் இருந்தால் அதன் பஞ்சு வடிகட்டியையும் வெளியேறும் குழாயையும் நீங்கள் பார்த்துவிட்டு வர வேண்டும். அங்கே சேரும் பஞ்சு தீப்பிடிக்கக்கூடியது.

அலமாரிகளைத் திருப்பி வைக்கும்போது வெளிச்சுவரிலிருந்து நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். மறுபடியும் அலமாரிக்குப் பின்னால் ஈரப்பதத்தை அளந்து, காலையில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுங்கள். ஈர வேலை முடிந்த அன்று எண் சற்று உயர்ந்தே இருக்கும். ஒரு வாரம் கழித்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் 60-க்கு மேல் இருந்தால் எங்கோ நீர் வந்துகொண்டிருக்கிறது, திரும்பிப் போய்த் தேட வேண்டும்.

கடைசியாக, உங்கள் கருவிகள். வாக்குவத்தின் பையை வீட்டுக்குள் பிரிக்காமல் வெளியே, முகக்கவசத்தோடு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று மாற்றுங்கள். உலர்வேலைத் துணிகளும் பூஞ்சைத் துணிகளும் தனித்தனிப் பைகளில் இருக்கட்டும். மாப் தலையை அன்றிரவே துவைத்து விரித்துப் போடுங்கள். ஈரமாகவே வண்டியில் கிடந்த மாப்பை மறுநாள் எடுத்துச் சென்றால், ஒரு வீட்டின் பூஞ்சையை அடுத்த வீட்டுக்குச் சுமந்து செல்வது நீங்களாகத்தான் இருக்கும்.